காற்று, ஓடை, விறகு: ஊவாத் தேயிலை ஸ்டோர்களின் ஆற்றல் வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே சொல்வார்கள். பழைய ஸ்டோர்களுக்குப் பல மாடிகள், மாடிதோறும் வரிசையாக ஜன்னல்கள், கீழே அடுப்பு. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. எந்த ஆற்றல் எங்கே கிடைத்தது என்பதே அந்தக் கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகத் தென்பட்டது பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். கோப்பியைவிடத் தேயிலைக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். கொழுந்தை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், புளிக்க வைத்து உலர்த்த வேண்டும்.

எவ்வளவு ஆற்றல் என்பதை மாணவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து தேவை. அதாவது 3.5 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். 1 கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் செலவாகும் என்றால் மொத்தம் ஏறக்குறைய 7,900 கிலோஜூல். ஆனால் 1 டன் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் கிடைப்பது 980 கிலோஜூல்தான். 1 கிலோ தூளை ஓடையின் வலிமையால் மட்டுமே உலர்த்துவதென்றால் 8 டன் நீர் அந்த உயரத்திலிருந்து விழ வேண்டும்!

ஆகவே வேலை பங்கிடப்பட்டது.

முதல் பங்கு காற்றுக்கு. மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பி ஜன்னல்களைத் திறந்துவிட்டால், வெளியேற வேண்டிய 3.5 கிலோவில் 2 கிலோவுக்கு மேலான நீர் வாடும்போதே போய்விடும். இதில் ஊவாவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் சூடாகும். வறண்ட அந்தக் காற்றுத்தான் கச்சான். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தந்த ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மணம் அதன் கொடை.

சுழற்சி, ஓடைக்குரிய வேலை. ரோலர்களை இயக்க முதலில் நீர்ச்சக்கரங்கள் வந்தன, பிறகு டர்பைன்கள். உயரம் மிகுதி, நீர் குறைவு என்ற மலைநாட்டு நிலைமைக்கு, 1880இல் அமெரிக்காவில் லெஸ்டர் பெல்டன் காப்புரிமை பெற்ற கிண்ணச் சக்கரம் நன்றாகப் பொருந்தியது. குழாயில் இறங்கும் நீர் கிண்ணங்களில் மோதும். சுழலும் தண்டிலிருந்து தோல் பட்டிகள் வழியே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசை போகும். பின்னர் அதே டர்பைனோடு மின்னாக்கியும் சேர்ந்தது. எஞ்சிய வெப்பத்தை விறகு தந்தது. காடுகள் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

ஸ்டோரிலும் துரை பங்களாவிலும் மின்விளக்கு எரிந்தபோது, அதே ஓடைக்கரைத் தொழிலாளர் லயங்களில் பெரும்பாலானவை பல தலைமுறை மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவைக் கழித்தன. டர்பைனுக்கு வாய்க்கால் வெட்டிய கைகளுக்கு அந்த வெளிச்சம் எட்டவில்லை. ஆற்றல் வரலாற்றை எழுதுகிறவர்கள் கிலோவாட் கணக்கோடு இதையும் எழுத வேண்டும்.

1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தேசிய மின்வலையமைப்பு மலையேறி வந்ததும் தோட்டங்களின் சிறு டர்பைன்கள் பல கைவிடப்பட்டன. 1990களில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் வலையமைப்புக்கு மின்சாரம் விற்க வழி பிறந்தபோதுதான் மலை ஓடைகள் மீண்டும் முதலீட்டாளர் கண்ணில் பட்டன.

2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டமும் இதே விதியில்தான் இயங்குகிறது: நீரின் நிறை, விழும் உயரம். அளவுதான் வேறு, 120 மெகாவாட். புஹுல்பொல, டயரபா அணைகளின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஓடி கரந்தகொல்லவின் நிலத்தடி மின்நிலையத்தில் இறங்கிக் கிரிந்தி ஓயாப் படுகைக்குப் போகிறது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியபோது நிலத்தடி நீர் உள்ளே பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன.