ரிம்முல உட்காராத டயர்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின நாள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துபோனதை நீங்க டிவியில் பார்த்திருப்பீங்க. டிவி பார்க்க எங்களுக்குக் கரண்ட் இல்லை. புவனகிரிக்கு வடக்கே எங்க ஊர் ரோட்டில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன, பஸ் வரவில்லை. ரெண்டாம் நாள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சு.

பைக்கை மரத்துக்கு மேல தூக்க முடியாது. சைக்கிளைத் தூக்கலாம். கொட்டகையில் அப்பாவோட பழைய ஹெர்குலிஸ் நின்னுது. பின் டயர் வெடிச்சு நூல் தெரிஞ்சுது. பரண்ல, எப்பவோ வாங்கி மடிச்சுக் கட்டிப் போட்ட புது டயர் இருந்தது. மாட்டிக் காத்தடிச்சா, ஒரு இடத்துல புடைச்சுக்கிட்டு, இன்னொரு இடத்துல ரிம்முக்குள்ள முங்கிக் கிடக்கு. பத்தடி ஓட்டினேன், நொண்டி மாடு மாதிரி குதிச்சுது. மூணு தடவை கழட்டி மாட்டியும் அதே கதைதான்.

இந்தப் பிடிவாதத்துக்கு 120 வருஷத்துக்கு மேல வயசு. காத்தடிச்ச டயருக்கு ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அப்போ அதுக்கேத்த வண்டி இல்லை. அப்புறம் 1888ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப். அவர் தொழில் கால்நடை வைத்தியம் (நம்ம ஆளு!). மகனோட மூணு சக்கர வண்டிக்காகச் செஞ்ச முதல் டயரை, துணியைச் சுத்தி மரச் சக்கரத்தில் ஆணி அடிச்சுத்தான் நிறுத்தினார். அடுத்து வந்த டயர்களை ரிம்மோட ஒட்டினாங்க. பஞ்சர் ஆனா எல்லாத்தையும் உரிக்கணும்.

1890ல் சார்லஸ் வெல்ச் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடிச்ச வழிதான் இன்னிக்கும் நம்ம சைக்கிள்ல ஓடுது. டயரோட ரெண்டு ஓரத்திலும் நீளாத கம்பி வளையம். ரிம் விளிம்பைவிட அந்த வளையம் சின்னது. அப்போ எப்படி உள்ளே போகும்? ரிம் நடுவுல ஒரு பள்ளம் வெச்சார். ஒரு பக்கம் கம்பியைப் பள்ளத்துல இறக்கினா, எதிர்ப்பக்கம் அந்த அளவு தளர்ந்து விளிம்பைத் தாண்டும். அப்புறம் காத்து ஏற ஏற, கம்பி பள்ளத்தை விட்டு மேலே வந்து சுத்திலும் சமமா உட்காரணும். உட்காராத இடம்தான் நான் பட்ட பாடு.

அந்த டயர் கொல்கத்தா பக்கம் சாகஞ்சில் 1936லேயே டன்லப் தொழிற்சாலைக்கு வந்தது. 1949ல் முருகப்பா குழுமம் ஒரு இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்ச பிறகு, ஹெர்குலிஸ் நம்ம வீட்டு உருப்படி ஆச்சு. நெல்லு மூட்டை, பால் கேன், பரங்கிப்பேட்டை மீன் கூடை எல்லாம் அந்த 28 இன்ச் சக்கரத்து மேலதான் போச்சு.

பக்கத்துத் தெருப் பெரியவர், ஒரு காலத்துல மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் விட்டவர், வந்து பார்த்தார். "ஏம்ப்பா, வால்வு அடியில கம்பி மாட்டிக்கிட்டிருக்கு பாரு" என்றார். வால்வு அடியில ரப்பர் தடிப்பா இருக்கும். அதுமேல கம்பி ஏறிட்டா அங்கே உட்காராது. காத்தை முழுக்க இறக்கி, வால்வை உள்ளே தள்ளி, டயரை ரெண்டு பக்கமும் கீழே அமுக்கிட்டு, திரும்ப வெளியே இழுத்தார். டியூப் எங்கேயும் கம்பிக்கடியில நசுங்கலையான்னு விரலால தடவிக்கிட்டே வந்தார். ஓரம் பூரா சோப்புத் தண்ணி. வறண்ட ரப்பர் ரிம்மைப் பிடிச்சுக்கும், வழுக்கினாத்தான் மேலே ஏறும். அரைக் காத்து அடிச்சு, முங்கின இடத்தைக் கையால பிசைஞ்சு இழுத்தார். டயர் ஓரத்துல ஒரு மெல்லிய கோடு சுத்தி ஓடும், கவனிச்சிருக்கீங்களா? அழகுக்குன்னு நினைச்சிருந்தேன். சக்கரத்தைச் சுத்தவிட்டு, அந்தக் கோடு ரிம்முக்கு ஒரே தூரத்துல ஓடுதான்னு பார்த்தார். ஓடின பிறகுதான் முழுக் காத்து. பாதியில் முழுசா அடிச்சிருந்தா, புடைச்ச இடத்துல டியூப் வெளியே வந்து வெடிச்சிருக்கும்.

நாலு இடத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கி மரம் தாண்டினேன். வெள்ளாத்துப் பாலம் தாண்டினதும் தூக்கற வேலை இல்லை. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மருந்துக்கடைக்காரர் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல மாத்திரை எண்ணிக் கொடுத்தார். அந்த டயர் இன்னும் ஓடுது.