கொப்பி முதல் பெமிற் வரை: எம் வாயில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்

எமது கல்லூரியின் பழைய மாணவிகளில் ஆங்கிலப் பாடத்தில் திறமைச் சித்தி பெற்றோரும் உண்டு. அந்தப் பாடவேளையில் கடைசி வாங்கில் ஒளிந்திருந்தோரும் உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல் பேசாதவர் எம்மில் எவரும் இல்லை. எழுத்தறியாத எமது உம்மம்மாமார் கூடத் தினமும் அவற்றைப் பேசினார்கள். அச்சொற்கள் எப்போது, எதற்காக எமது கரைக்கு வந்தன, வந்தபின் என்ன பொருள் கொண்டன என்று பார்த்தால் கல்முனைக் கரையோரத்தின் வரலாறே அவற்றுள் தெரிகிறது. இம்மலருக்காக அவற்றுட் சிலவற்றை எடுத்து நோக்குகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. எம் வீட்டிலுள்ள பிறமொழிச் சொற்கள் எல்லாம் ஆங்கிலமல்ல. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, சப்பாத்து, பாண் ஆகியவை போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கந்தோர், லாச்சி, போஞ்சி ஆகியவை ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. ஆங்கிலேயர் வந்தபோது வீட்டுத் தளபாடங்களுக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆகவே ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் வேறு வாசல்களால் நுழைந்தன. பாடசாலையும் அரசாங்கக் கடிதமும் அவற்றுள் முக்கியமானவை.

பாடசாலைச் சொற்களைப் பாருங்கள். 'கொப்பி' என்றால் ஆங்கிலத்தில் பிரதி, படி. எமக்கோ அது எழுதும் ஏடு. 'டீச்சர்' ஆங்கிலத்தில் ஆண் பெண் இருபாலாருக்கும் பொது. எம்மிடம் டீச்சர் என்றால் பெண். ஆண் ஆசிரியர் 'சேர்'. "டீச்சர் வாறாங்க" என்று ஒருத்தி மெல்லச் சொன்னால் வருபவர் யாரென்று வகுப்பு முழுவதும் அறியும். 'கிளாஸ்' என்பது இன்று பாடசாலை வகுப்பைக் குறிப்பதில்லை. மாலையில் காசு கொடுத்துப் படிக்கும் இடத்தையே குறிக்கிறது. இவற்றைப் பிழை என்று சொல்ல முடியாது. ஒரு சொல் ஊருக்குள் குடியேறினால் ஊருக்கு வேண்டிய பொருளையே அது தரும்.

1942இல் உலகப் போர் எமது அடுப்படிக்கு வந்தது. பர்மா அரிசி நின்றது. நாட்டில் பங்கீடு தொடங்கியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராக இங்கு வந்தார். அக்காலத்துச் சொல் 'கூப்பன்'. வெட்டுதல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், வெட்டியெடுக்கும் துண்டைக் குறிப்பது. எமது வீடுகளிலோ முழுப் புத்தகமும் கூப்பன்தான்; அதில் வாங்குவது கூப்பன் அரிசி. 1979இல் உணவு முத்திரை வந்தபின் பொருள் மறைந்தது. சொல் மட்டும் மூத்தோர் பேச்சில் நெடுநாள் நின்றது.

'கொலனி' என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. அந்நியர் ஆளும் நாடு என்பது அதன் ஒரு பொருள். 1948இல் இலங்கை அந்த நிலையிலிருந்து விடுபட்டது. மறு ஆண்டே கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது, குடியேற்றங்கள் எழுந்தன, 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று இலக்கமிட்ட ஊர்கள் பிறந்தன. எமக்குக் கொலனி என்றால் வயலும் வாய்க்காலும் உள்ள மேற்குப் புறம்.

அந்த வயல்களோடு வந்த சொல்தான் 'பெமிற்'. இதன் பொருளை ஊர் முழுமையாக அறிந்திருக்கவில்லை. பெமிற் என்றால் அனுமதி. காணியில் இருந்து பயிரிடலாம் என்ற அனுமதி. உரிமையைச் சொல்வது உறுதி. இரண்டுக்கும் இடையில் 'கிராண்ட்' எனப்படும் அளிப்பு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. எமது கரையோரத்தில் வீடு மகளுக்கு என்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் பெமிற் காணி அந்த வழக்கத்தை அறியாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுள் மகன்மாரே முன்னுரிமை பெற்றனர். 2022இல்தான் இந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. "வாப்பாட காணிக்குப் பெமிற் இருக்கு" என்று நிம்மதியாகச் சொன்ன பெண்களுக்கு அந்தச் சொல் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

வாசிக்கும் அந்த ஆற்றலை எமக்குத் தந்தது தாய்மொழிக் கல்வி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழியில் நடந்தன. பின்னர் மேல்வகுப்புகளும் விஞ்ஞானமும் தமிழுக்கு வந்தன. அதற்குக் கலைச்சொல் வேண்டும். 1892இல் காரைதீவில் பிறந்து கல்முனையிலும் கற்ற சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பது எமது அயலுக்குப் பெருமை. எமது பாடநூல்களில் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவில்லை. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று ஆங்கிலப் பெயர்கள் தமிழ் உடை உடுத்து வந்தன. அவற்றை மனனம் செய்த கையோடு பல்கலைக்கழகம் சென்று, அங்கு ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து வந்த எம் ராத்தாமாரும் தங்கச்சிமாரும் இன்று எத்தனையோ பேர்.

1970களில் 'கியூ' வந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் வரிசை. எமக்கு அது பாண் தட்டுப்பாட்டின் பெயர். 2022இல் அதே சொல் எரிபொருளுக்காகத் திரும்பி வந்தது. அந்த ஆண்டு 'பாஸ்' என்ற பரீட்சைச் சொல்லும் பெற்றோல் நிலையத்துக்குப் போனது.

1970களின் பிற்பகுதி முதல் வளைகுடாவுக்குப் போன பெண்களோடு 'விசா', 'ஏஜென்சி', 'அக்ரிமென்ட்' ஆகியவை வந்தன. அக்ரிமென்ட் என்றால் இரு தரப்பாரும் அறிந்து உடன்படுவது. வாசிக்கத் தெரியாதவளுக்கு அது பெருவிரல் வைக்கும் தாள் மட்டுமே. பெமிற்றுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

யுத்த காலத்துச் சொல் 'கேர்பியூ'. நெருப்பை மூடு என்ற பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது அது. இரவு மணி அடித்ததும் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அன்றைய ஐரோப்பியக் கட்டளை. 1990ஆம் ஆண்டின் நாட்களில் வீட்டுக்குள் அடைபட்டு, இருந்த அரிசியை அளந்து உலை வைத்த எம் தாய்மாருக்கு இந்த மூலப்பொருளை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26இன் பின் ஜப்பானியச் சொல்லான 'சுனாமி' ஆங்கிலத்தின் வழியே எமக்குக் காலக்கணக்காயிற்று: சுனாமிக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி. மருதமுனையில் '65 மீற்றர்' என்ற அளவு ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராயிற்று. கல்முனையில் 'கிறீன்பீல்ட்' ஒரு முகவரியாயிற்று. கடலோரத்தில் வீடிழந்தோர் இந்தப் பெயர்களுக்குள் மீண்டும் குடியேறினார்கள். இவற்றை உச்சரிக்கும் பிள்ளைகள் பலர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் பிறந்தவர்கள்.

இவ்வாறு பார்க்கையில், ஆங்கிலச் சொற்களைப் பேசுவதற்கு எமது மூத்த பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. ஆனால் கடதாசியில் எழுதப்பட்டபோது அதே சொல் அவர்களுக்கு அந்நியமாயிற்று. பேச்சிலுள்ள சொல்லுக்கும் கடதாசியிலுள்ள சொல்லுக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் கடக்க உதவியது கல்லூரியில் நாம் பெற்ற கல்வி.

உலகெங்கும் வாழும் பழைய மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் உம்மாவும் மாமியும் பேசும் இத்தகைய சொற்களை, அவர்கள் தரும் பொருளோடு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அவை கிடைக்காது. அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது வீட்டு அலுமாரியிலுள்ள கடதாசிகளை எடுத்து, பெமிற்றா, கிராண்டா, உறுதியா என்று பார்த்து, வீட்டுப் பெண்கள் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள்.