அட்டையும் கதையும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், 1568-ல் எழுந்த யூத ஆலயத்திற்குச் செல்லும் தெருவில் பழைய சரக்குக் கிடங்குகள் சில இன்று பழம்பொருள் கடைகளாய் விளங்குகின்றன. மரச் சிற்பத்தையும் வெண்கல விளக்கையும் அங்கே விலை கேட்பவரை யாரும் நகைப்பதில்லை. பழைய வார இதழைத் தேடி வருபவரையோ உலகம் சற்று ஏளனமாகவே நோக்குகிறது. இவர்கள் எதனைக் காக்கின்றார்கள் என்பதை நம் தமிழ் இதழ்களைக் கொண்டே ஆராய்வோம்.

1941-ல் தோன்றிய 'கல்கி'யில், 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்தது. மணியம் தீட்டிய சித்திரங்களுக்காகவே இதழை எதிர்பார்த்திருந்தோர் பலர். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைப்பது அக்கால இல்லங்களின் வழக்கம். எஞ்சிய வண்ண அட்டை பழைய காகிதக்காரரின் தராசை அடைந்தது. 'ஆனந்த விகட'னின் அட்டையில் வந்த நகைச்சுவைச் சித்திரங்களுக்கும் பெரும்பாலும் இக்கதியே நேர்ந்தது. அன்றைய உடை, நகை, வீட்டுச் சாமான், மாமியார் மருமகள் பூசல் ஆகிய யாவும் அச்சித்திரங்களில் இருந்தன. வரலாற்று ஆசிரியர் எவரும் அவற்றை அத்துணை நுட்பமாக எழுதி வைக்கவில்லை.

இக்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அட்டையை மட்டும் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு விற்போர் உளர். உள்ளே இருந்த கதையும் விளம்பரமும் குப்பைக்குப் போகின்றன. முன்னது அறியாமையால் நேர்ந்தது. பின்னதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதழை இதழாகவே காத்தவருள் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். அந்தக் கண்தான் நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும்கூட ஒதுக்காமல் சேர்த்தது போலும்! நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் திரட்டினார். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்திரட்டை விலைக்கு வாங்கியது. எனினும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது.

மரக்கூழ்க் காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே மஞ்சளாகி நொறுங்கும் இயல்பினது. கறுப்பு வெள்ளை நுண்படச் சுருள் எழுத்தைக் காக்கும். அட்டையின் வண்ணத்தைக் காவாது. கொச்சியின் ஈரக் காற்றிலோ இராமபாணப் பூச்சியும் உடன் சேர்ந்துகொள்ளும். ஆதலின் இதழ் சேர்க்கும் நேயர்கள் முதலில் துருவேறிய கம்பியை மெல்ல அகற்றி, நூலால் தைத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கைவாட்டில் அடுக்கி வைப்பது நலம்.