கியான்டி: சட்டமும் ருசியும்

சரித்திர வகுப்பில் நாம் எத்தனையோ சட்டங்களை மனப்பாடம் செய்தோம். ஒரு சட்டத்தை ருசி பார்க்கும் பாக்கியம் எனக்கு இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகர உணவகம் ஒன்றில்தான் வாய்த்தது. இரவுச் சாப்பாட்டோடு 'கியான்டி கிளாசிகோ' என்ற சிவப்பு ஒயின் வந்தது. முதலில் லேசான புளிப்பு. அப்புறம் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கில் ஒரு துவர்ப்பு. சுட்ட இறைச்சியோடு சேர்ந்ததும் துவர்ப்பு அடங்கிவிட்டது.

இந்தப் பெயருக்கு 1716-லேயே எல்லை வகுத்தவர் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ. 1872-ல் முன்னாள் பிரதமர் ரிக்காசோலி கலவை முறையை எழுதினார்: சாஞ்சோவேசே என்ற கருந்திராட்சையே பிரதானம், வெள்ளைத் திராட்சை, உடனே குடிக்கும் ஒயினுக்கு மட்டும் போதும். 1967-ல் வந்த சட்டமோ, எல்லாக் கியான்டியிலும் வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம் இருந்தே தீரவேண்டும் என்றது! ஒயின் நீர்த்துப் போச்சு, பேரும் கெட்டுது.

அன்தினோரி குடும்பத்தார் 1971 விளைச்சலின் 'தின்யானெல்லோ'வுக்குக் கியான்டி என்ற பெயரே வேண்டாமென்று, சாதாரண மேசை ஒயினாக விற்றார்கள். 1975-ல் வெள்ளைத் திராட்சையை அறவே விட்டார்கள். உலகம் அதைத் தேடி வாங்கியது. கடைசியில் சட்டம்தான் இறங்கி வந்தது: 1996-ல் கிளாசிகோவை முழுக்க சாஞ்சோவேசேயில் செய்ய அனுமதி, 2006 விளைச்சல் முதல் வெள்ளைத் திராட்சைக்கே தடை.

பெயரைக் காக்க வந்த சட்டம் சரக்கைக் கெடுத்தது. பெயரை விட்டுக்கொடுத்தவர்கள் சரக்கைக் காப்பாற்றினார்கள். பரீட்சையில் யாரும் கேட்காத கேள்வி இது; ஆனாலும் நல்ல பாடம்தானே!