மெஸ்மரும் ஆப்ரிகாட் மரமும்

'மெஸ்மரிசம்' என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆளை மயக்கித் தன்வயப்படுத்தும் வித்தை என்ற பொருளில் நம்மிடையே அது வழங்குகிறது. ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஆனால் மெஸ்மர் தம்மை வித்தைக்காரராக எண்ணியதில்லை. விஞ்ஞானி என்றே கூறிக்கொண்டார். அவருடைய கொள்கை விஞ்ஞானம்தானா என்று கண்டறிய 1784ஆம் ஆண்டில் பாரிஸில் சில சோதனைகள் நடந்தன. போலி விஞ்ஞானத்தை இனம் காண்பது எப்படி என்பதற்கு அவை இன்றும் நல்ல பாடம்.

மெஸ்மர் வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1778இல் பாரிஸுக்கு வந்தவர். கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்ணிய பாய்பொருள் அண்டமெங்கும் நிறைந்திருக்கிறது, மனித உடலிலும் அது ஓடுகிறது, ஓட்டம் தடைப்பட்டால் நோய், சீர்பட்டால் நலம் என்பது அவர் கொள்கை. இதற்கு 'உயிர்க் காந்தம்' என்று பெயரிட்டார். அவர் கூடத்தின் நடுவே ஒரு பெரிய மரத்தொட்டி இருக்கும். அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகளை நோயுள்ள இடத்தில் பொருத்திக்கொண்டு நோயாளிகள் சுற்றி அமர்வார்கள். மெல்லிய இசை ஒலிக்கும். சற்று நேரத்தில் சிலருக்கு இருமல் வரும். சிலருக்கு வலிப்பு வரும். சிலர் மயங்கி விழுவார்கள். பிறகு, "குணமாகிவிட்டது" என்று கூறிச் செல்வார்கள்.

பாரிஸ் நகரமே இதைப் பற்றிப் பேசியது. 1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். மின்னலின் இயல்பை விளக்கிய பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியர், வானியலாளர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின் முதலிய ஒன்பது பேர் அதில் இருந்தனர். மெஸ்மர் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்தார். அவருடைய சீடர் டெஸ்லான் முன்வந்தார்.

இங்கே குழுவினர் செய்த முதல் முடிவைக் கவனியுங்கள். 'எத்தனை பேர் குணமடைந்தார்கள்?' என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. ஏன்? பல நோய்கள் மருந்தில்லாமலே தாமாக நீங்கும். ஆகவே குணமடைந்தவரைக் காட்டி, இன்ன காரணத்தால்தான் குணம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அந்தக் காந்தம் உண்மையில் இருக்கிறதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. காந்தம் பாய்வதால்தான் உடல் துடிக்கிறது என்றால், நோயாளிக்குத் தெரியாமல் பாய்ச்சினாலும் துடிக்க வேண்டும் அல்லவா? பாய்ச்சாமலே, பாய்ச்சியதாக நம்பவைத்தால் துடிக்கக் கூடாது அல்லவா?

பாஸி என்ற இடத்தில் பிராங்க்ளினின் இல்லத் தோட்டம் இருந்தது. அங்கே ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு டெஸ்லான் காந்தம் ஏற்றினார். காந்தத்தை நன்கு உணரக்கூடியவன் என்று அவரே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்களைக் கட்டி அழைத்து வந்தார்கள். காந்தம் ஏற்றாத நான்கு மரங்களை ஒவ்வொன்றாக அவன் தழுவிக்கொண்டான். முதல் மரத்திலேயே வியர்த்தது, இருமினான். இரண்டாவதில் தலை சுற்றியது. மூன்றாவதில், "காந்த மரத்தை நெருங்கிவிட்டேன்" என்றான். உண்மையில் அது சுமார் 38 அடி தள்ளி நின்றது. நான்காவது மரத்தடியில் கைகால்கள் விறைத்து மயங்கி விழுந்தான்!

டெஸ்லான் என்ன சொன்னார் தெரியுமா? எல்லா மரங்களிலும் இயற்கையாகவே காந்தம் உண்டு என்றார். அப்படியானால் காந்தத்தை உணரக்கூடிய எவரும் தோட்டத்துக்குள் நுழைந்தாலே மயங்கி விழ வேண்டுமே என்று குழுவினர் மடக்கினர்.

லவாய்சியர் வீட்டில் இன்னொரு சோதனை நடந்தது. ஒரு பெண்மணியிடம் காந்தம் ஏற்றாத பீங்கான் கோப்பைகளை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். நான்காவது கோப்பையில் அவருக்கு வலிப்பு வந்தது. தெளிந்து தண்ணீர் கேட்டபோது, காந்தம் ஏற்றிய கோப்பையிலேயே கொடுத்தார்கள். அவர் அமைதியாகக் குடித்தார். உடல் தேறியதாகவும் சொன்னார்.

ஆகவே, கற்பனை மட்டுமே இருந்தாலும் உடல் துடிக்கிறது. கற்பனை இல்லாவிட்டால் காந்தம் ஒன்றும் செய்வதில்லை என்று குழு முடிவு கூறியது. அந்தச் சிறுவன் நடிக்கவில்லை. அந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்ட துன்பம் மெய்; அதற்குச் சொன்ன காரணம்தான் பொய்.

விஞ்ஞானிகள் தவறே செய்யாதவர்கள் அல்லர். பொருள்கள் எரிவதற்கு 'பிளாஜிஸ்டன்' என்ற பொருளே காரணம் என்று அக்கால வேதியியலார் பலர் நம்பினர். லவாய்சியர் தராசைக் கொண்டு அது தவறென்று காட்டினார். நாளடைவில் வேதியியலார் அக்கொள்கையைக் கைவிட்டனர். தோற்கும்போது கொள்கையை மாற்றுவது விஞ்ஞானம். தோற்கும்போதெல்லாம் புதிய சாக்கைத் தேடுவது போலி விஞ்ஞானம்.

கற்பனையின் இந்த ஆற்றலையும் விஞ்ஞானம் ஒதுக்கிவிடவில்லை. 1843இல் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் காந்தக் கதையை நீக்கி, ஹிப்னாடிசம் பற்றித் தனி நூலே எழுதினார். இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆப்ரிகாட் மரத்தடியில் கட்டிய கண்கட்டே இன்று இந்த உருவில் தொடர்கிறது.

காந்த வளையல், அதிசயத் தண்ணீர் என்று யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், "குணமானவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். "கண்ணைக் கட்டிச் சோதித்தீர்களா? எந்த முடிவு வந்தால் உங்கள் கொள்கை தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். காசநோய் கண்ட ஒருவர் வளையலை நம்பி மருந்தை நிறுத்தினால், போவது காசு மட்டுமல்ல. கேட்கத் தயங்காதீர்கள், மெய்யான விஞ்ஞானம் இக்கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.