மஹால் தெருக்களில் மறைந்த எழுத்து

மதுரையில் சௌராஷ்டிர எழுத்து மறைந்துவிட்டது. ஆர்வலர்கள் சிலர் இன்னும் அதில் எழுதுகிறார்கள், கேட்பவர்களுக்குக் கற்றும் தருகிறார்கள். ஆனால் கணக்கு நோட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பிள்ளைகளின் சிலேட்டிலும் இருந்தால்தான் ஓர் எழுத்துக்கு உயிர். அந்த உயிர் போய்விட்டது.

எங்கள் உசிலம்பட்டியிலிருந்து நல்ல சுங்குடிச் சேலை எடுக்க மதுரைக்குத்தான் பஸ் ஏறுவோம். கடைக்காரர் எங்களிடம் பேசுவது தமிழ். விலையைக் குறைக்கலாமா என்று தம்பியிடம் கேட்பது வேறொரு மொழி, சௌராஷ்டிரம். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அதைக் கேட்டு நின்றிருக்கிறேன். அந்த மொழிக்கென்று தனி எழுத்து உண்டு என்பது கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. மஹால் தெருவில் ஒரு சிநேகிதன் வீட்டில், அவன் தாத்தாவின் அரிச்சுவடியைப் பார்த்தேன். அவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. அவன் பாட்டியோ அந்த மொழியைத் தவிர வேறெதிலும் எங்களைத் திட்டியதில்லை.

அழகான எழுத்து அது. தமிழில் 'கெ' எழுதினால் கொம்பு முன்னால் வரும். அதில் உயிர்க்குறிகள் எல்லாமே மெய்க்குப் பின்னால்தான். க, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலிகள், நான்கு எழுத்துகள். ம, ந, ர, ல நான்கும் மூச்சுக்காற்றோடு சேர்ந்து ஒலிக்கும் இடங்கள் அந்த மொழியில் உண்டு. அதற்காகவே 'ஹாரு' என்று ஒரு குறி வைத்திருந்தார்கள். பேசுகிறவர்களின் வாயைக் கூர்ந்து கவனித்த ஒருவரால்தான் அப்படி ஒரு குறியை யோசித்திருக்க முடியும். இன்று அதே மொழியைத் தமிழ் எழுத்தில் அச்சிடுகிறவர்கள், எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண்களைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

இந்த எழுத்துக்கு அச்சு வடிவம் தந்து, பாடநூலும் இலக்கணமும் நிகண்டும் எழுதியவர் டி.எம். ராமராய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏறக்குறைய ஒற்றை ஆளாக அவர் செய்த வேலை அது. ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டியது.

இந்த மொழியைப் பேசுகிறவர்களின் கதை வெகு பழையது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் கல்வெட்டு, தெற்கு குஜராத்தின் லாட தேசத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர்கள் அங்கே சூரியன் கோயில் கட்டியதைச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் அந்த நெசவாளர்களைத் தங்கள் முன்னோர் என்று மதுரை சௌராஷ்டிரர்கள் கொள்கிறார்கள். விஜயநகரம் வழியாகத் தெற்கே இறங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் தறி போட்டார்கள். திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றி வீடு, தெருவெல்லாம் பாவு. 1895-இல் சௌராஷ்டிர சபை பிறந்தது. பள்ளிக்கூடம், கோயில், திருவிழா என்று ஊர் விட்டு வந்த சமூகம் தன்னைக் கட்டிக் காத்துக்கொள்ள என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனைக்கும் அவர்களுக்கு அமைப்பு இருந்தது. எழுத்து மட்டும் கை நழுவியது.

ஏன்? அந்தச் சமூகத்தின் பொதுக்காரியம் வெகுகாலம் அந்தஸ்து வழக்கிலேயே செலவானது என்பது என் எண்ணம். ராணி மங்கம்மாள் காலத்திலேயே, ஆவணி அவிட்டம் செய்யும் உரிமைக்காக அவர்கள் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. பிராமணர் என்று ஏற்கச் செய்யும் மனுக்கள் ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தன. பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும் என்றால் ஆங்கிலம், ஊரோடு வியாபாரம் என்றால் தமிழ். மொழியைப் பள்ளியில் சொல்லித்தர 1920-ஐ ஒட்டி அரசு இசைந்தபோதும் வகுப்பறைகள் நிரம்பவில்லை. எந்த எழுத்து என்பதிலேயே கட்சி பிரிந்தது. தேவநாகரி போதும் என்றார்கள் சிலர், தமிழே போதும் என்றார்கள் பலர். சௌராஷ்டிரத்தில் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகளின் பாடல்களைக்கூடப் பஜனையில் தமிழ் எழுத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். சௌராஷ்டிர வீடுகளில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரலும் எம்.வி. வெங்கட்ராமின் உரைநடையும் தமிழுக்குக் கிடைத்தன. வாங்கிக்கொண்ட நாங்கள் அவர்கள் மொழிக்கு என்ன செய்தோம் என்பதையும் இந்த இரங்கலில் சொல்லியாக வேண்டும். கடைவாசலில் நின்று புரியாமல் சிரித்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை.

ஊர் விட்டுப் போன வேறொரு சமூகத்திலும் இதே கதைதான். 1875-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்ற ஊரை அமைத்தார்கள். அம்மை நோயும் பனியும் அவர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆனாலும் இரண்டே வருடத்தில், 1877-இல், தங்கள் மொழியில் 'பிராம்ஃபாரி' என்ற பத்திரிகையை அச்சடித்தார்கள். அவர்களின் ஆண்டுவிழா இன்றும் கிம்லியில் நடக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. இப்போது வரும் பத்திரிகையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். பலகாரமும் பாட்டும் தலைமுறை தாண்டுகின்றன. வாசிப்புக்கு அந்தத் தெம்பு இல்லை.

2008-இல் யூனிகோடு சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கொடுத்தது. ராமராய் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். மொழி சாகவில்லை, அடுப்படியிலும் தறிக்கூடத்திலும் கேட்கிறது. இதைப் படிக்கும் மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலத்து வீடுகளில் யாருடைய பரணிலாவது அந்த அரிச்சுவடி இருந்தால், வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.