பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம் (திருப்பூர்)

ஆலைக் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றில் விட்ட உப்பும் சாயமும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் பாழாக்கின. விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே இம்முறை இங்கு உண்மையில் வேரூன்றியது.

சாயநீர் உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளுக்குச் செல்கிறது. பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பிவிடும். சிக்கலெல்லாம் மிஞ்சும் உப்புக் கரைசலில்தான். அதை ஆவியாக்கிகளில் காய்ச்சி, சாயமேற்ற உதவும் சோடியம் சல்பேட்டைப் படிகமாகப் பிரிக்கிறார்கள். நிறம் நீக்கிய உப்புநீரை அப்படியே சாயமேற்றத் திருப்பி அனுப்புவதும் உண்டு. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது.

ஆவியாக்கிகளுக்கு நீராவியும் சவ்வுகளுக்கு மின்சாரமும் வேண்டியிருப்பதால், நீர்க்கணக்கில் மிச்சம் பிடிப்பது கரிமக் கணக்கில் செலவாகிறது. உமிழ்வுகளைக் கணக்கிடும் பசுங்குடில் வாயு நெறிமுறைப்படி, சொந்தக் கொதிகலனில் எரியும் நிலக்கரி முதல் வகை உமிழ்வு; வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. பிறர் நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீரை அனுப்பினால், அதற்கான உமிழ்வு பலரும் கணக்கிடத் தயங்கும் மூன்றாம் வகைக்குப் போய்விடும். ஆகவே முதல் இரண்டு வகைகளை மட்டும் காட்டும் பதிவேடு உள்ளதைவிடச் சுத்தமாகவே தெரியும். காற்றாலை மின்சாரம் இரண்டாம் வகையைக் குறைக்கும்; நீராவிக்காக எரிக்கும் எரிபொருளை அது தொடுவதில்லை.